கூரியரில் வந்த ஊசி மருந்து: வீட்டில் யார் சொல்லித்தருவது?

அம்லாங்கா அனு

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 67, மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கு நோய் அடங்கவில்லை என்று மருத்துவர் அடாலிமுமாப் என்ற ஊசியை எழுதிக்கொடுத்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பேனா ஊசி. மெடிக்கல் எய்டில் (மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவத் திட்டம்) ஒப்புதல் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது, அதைப் பற்றித் தனியாகவே புலம்பலாம்.

ஒப்புதல் வந்த பிறகு இன்னொன்று சொன்னார்கள்: மருந்து எங்கள் பக்கத்துக் கடைக்கு வராது, அவர்கள் குறித்திருக்கும் கூரியர் பார்மசியிலிருந்துதான் வரும். நேற்று வந்தது. நானும் அவரும் வேலைக்குப் போயிருந்தோம். அத்தை வீட்டில்தான் இருந்தார், ஆனால் இன்டர்காமில் ஆங்கிலம் கேட்டால் எடுக்கவே மாட்டார். கொண்டுவந்தவர் காம்ப்ளெக்ஸ் வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாலையில் நான் போய்க் கேட்டபோது மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொடுத்தார் அந்த மனிதர். அவரைக் குறை சொல்லமுடியாது, மற்ற பார்சல்களோடு இதையும் வைத்திருக்கிறார். உள்ளே ஐஸ் பேக் முழுக்க உருகி வெதுவெதுவென்று இருந்தது, மருந்து அட்டைப்பெட்டியின் ஓரம் நமுத்திருந்தது. ஒரு துண்டுப்பிரசுரம், பிரித்தால் மேசையை மூடும் அளவுக்கு, ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும்.

இன்று காலை ஒரு பெண் போன் செய்து, மருந்து கிடைத்ததா, ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். எதைச் சந்தேகப்படவேண்டும் என்றே தெரியாதவர்களிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? "கிடைத்தது" என்றேன், நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

இந்த மருந்தைப் போடலாமா கூடாதா? போடுவதென்றால் யார் சொல்லித்தருவார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர்

வழக்கமான நினைவூட்டல்: மருந்தின் அளவைக் கூட்டு, குறை, நிறுத்து என்று யாரும் இங்கே ஆலோசனை தரவேண்டாம். அனுபவம் எழுதலாம். மருத்துவமனை, மெடிக்கல் எய்ட், கடை இவற்றின் பெயர் சொல்லித் திட்டவேண்டாம்.

மிட்ராண்ட் முரளி

அனு, எனக்கு முதுகெலும்பு வாதம், கிட்டத்தட்ட இதே வகை ஊசிதான். இவ்வளவு பயப்படவேண்டியதில்லை. டெலிவரிக்கு அலுவலக முகவரி கொடுங்கள், நேரத்தை மெசேஜில் உறுதிசெய்யுங்கள், முடிந்தது. ஊசி போடும் முறைக்குத் தயாரிப்பாளரின் வீடியோவே இருக்கிறது, மூன்று நிமிடம். பேனாவின் மூடியைக் கழற்று, தொடையில் அழுத்து, பொத்தானைத் தட்டு, அவ்வளவுதான். கூரியர் முறை வந்ததால்தான் மாதாமாதம் கடையில் வரிசையில் நிற்காமல் இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் யாராவது கையைப் பிடித்துச் சொல்லித்தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

உருகிப்போன பெட்டி விஷயம் மட்டும் சீரியஸ். அதைக் கேட்காமல் போடாதீர்கள்.

நெடுந்தீவான்

சாட்ஸ்வொர்த்தில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். முதலில் அவசரமான விஷயம்.

அனு, அந்தப் பேனாவைப் போடவேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். பிரிட்ஜில் ஓரமாக வைத்து, மேலே "தொடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். கூரியர் பார்மசிக்கு போன் எடுத்து, பார்மசிஸ்டோடு கதைக்கவேண்டும் என்று கேளுங்கள். கஸ்டமர் கேர் அல்ல, பார்மசிஸ்ட். பெட்டி எத்தனை மணிக்கு ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எங்கே இருந்தது, ஐஸ் பேக் எப்படி இருந்தது, உள்ளே வெப்பநிலை காட்டும் பட்டை இருந்ததா, எல்லாம் சொல்லுங்கள். பெட்டியையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

விஷயம் இதுதான்: இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். முதலில் வந்த பிராண்டின் பிரசுரத்தில், பிரிட்ஜுக்கு வெளியே 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள்வரை வைக்கலாம், அதற்குள் போடாவிட்டால் வீசிவிடவேண்டும் என்று இருக்கிறது. பின்னால் மற்ற நிறுவனங்கள் அதைப் போலவே செய்த பயோசிமிலர்களில் இந்தக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆனால் டர்பனில் தை மாதம் செக்யூரிட்டி அறைக்குள் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் 14 நாள் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்லது போலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். எதிர்ப்பக்கமும் உண்டு: பிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்து உறைந்துபோனால், உருகிய பிறகும் அதைப் போடக்கூடாது. கதவுத் தட்டிலும் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு, வெளிச்சம் படாமல்.

இனி முரளிக்கு. தம்பி, உங்களுக்கு அந்த மூன்று நிமிட வீடியோ போதுமாக இருந்திருக்கும். ஆங்கிலம் தெரியும், விரல் நேராக இருக்கிறது. முடக்குவாதம் உள்ள 67 வயது அம்மாவுக்கு அந்த மூடியைக் கழற்றுவதே பெரும்பாடு. வீடியோவில் காட்டும் கை யாருடைய கை என்று பாருங்கள்.

இந்த நாட்டின் பார்மசி விதிகளில் மருந்து கொடுப்பதை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்கிரிப்டை, அதாவது மருத்துவரின் மருந்துச்சீட்டைப் படித்து மதிப்பிடுவது முதல் கட்டம், மருந்தை எடுத்து லேபிள் ஒட்டுவது இரண்டாவது. நோயாளிக்கு விளங்கும்படி சொல்லிக்கொடுப்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்ததுதான் மருந்து கொடுத்தல். கூரியரில் வந்தாலும் அந்த மூன்றாம் கட்டம் ரத்தாகாது. "சந்தேகம் உண்டா" என்று ஒரு வரி கேட்டு அதை முடித்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிறார்கள் என்றால் அது எங்கள் தொழிலின் வெட்கக்கேடு.

அம்லாங்கா அனு

நன்றி நெடுந்தீவான் சார். போன் செய்தேன். நீண்ட நேரம் பாட்டு கேட்டபின் ஒரு பார்மசிஸ்ட் வந்தார், நீங்கள் சொன்னபடியே கேள்வி கேட்டார், மாற்று மருந்து அனுப்புவதாகச் சொன்னார். நல்லவிதமாகத்தான் பேசினார்.

ஆனால் ஒன்று. மதியம் எங்கள் பக்கத்துப் பார்மசியில் பெட்டியைக் காட்டி, எப்படிப் போடுவது என்று கேட்டேன். "இது எங்களிடம் வாங்கியதில்லையே, வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பதினைந்து வருஷமாக அத்தைக்கும் எங்களுக்கும் எல்லா மருந்தும் அங்கேதான் வாங்குகிறோம். முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

செவிலி_பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அனு, ஊசிக்குப் பயிற்சி தருவதற்கென்று பெரும்பாலான மருந்து நிறுவனங்கள் நர்ஸ் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் ஒரு படிவம் நிரப்பினால் வீட்டுக்கே வருவார், அல்லது வீடியோ அழைப்பில் காட்டுவார். கட்டணம் கிடையாது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

நான் அந்த வேலை கொஞ்ச காலம் பார்த்திருக்கிறேன். முதல் ஊசிக்கு நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், எல்லாம் சுமுகமாகப் போகும். பிரச்சினை எல்லாம் இரண்டாவது ஊசியில்தான். பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே போட்டு, ஐயோ எரிகிறது என்பார்கள். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் அவ்வளவு எரியாது. வெந்நீரில் வைத்துச் சூடாக்கக் கூடாது, மைக்ரோவேவ் பக்கமே போகக்கூடாது (நடந்திருக்கிறது!). பொத்தானை அழுத்தி "கிளிக்" சத்தம் கேட்டவுடன் எடுத்துவிடுவார்கள், பாதி மருந்து தொடையில் வழியும். பேனாவில் இருக்கும் சின்ன ஜன்னலில் நிறம் மாறி நிற்கும்வரை பிடித்திருக்கவேண்டும், பத்துப் பதினைந்து விநாடி. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிற்றில், இல்லாவிட்டால் தொடையில், ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி.

போட்ட இடம் சிவந்து தடிப்பது சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். காய்ச்சல் வந்தால், இருமல் விடாமல் இருந்தால், புண் ஆறாமல் சீழ் வைத்தால் அது சகஜம் இல்லை. அடுத்த ஊசிக்கு முன்னால் மருத்துவரைக் கேளுங்கள்.

நெடுந்தீவான்

பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை நியாயப்படுத்த வரவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

2004-இலிருந்து இந்த நாட்டில் தனியார் துறையில் மருந்துக்கு ஒரே வெளியேற்று விலை. தயாரிப்பாளர் யாருக்கு விற்றாலும் அதே விலைதான், தள்ளுபடி தரக்கூடாது. அதற்கு மேல் பார்மசி எடுக்கக்கூடிய கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, மருந்தின் விலை ஏற ஏற அதன் விகிதம் குறைந்துகொண்டே போகும். நல்ல சட்டம், நோயாளிக்கு லாபம். ஆனால் விலையுயர்ந்த மருந்தை வாங்கி பிரிட்ஜில் வைத்து, மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் போட்டு, நோயாளியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுகிற சின்னக் கடைக்கு அந்தக் கட்டணம் காணாது. மெடிக்கல் எய்ட் வேறு மருந்தைக் கூரியருக்குத் திருப்பிவிட்டால் கட்டணமும் இல்லை, பேச்சு மட்டும் மிச்சம். பேச்சுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. இதற்கு ஒரு வழி பண்ணாமல் "சமூகப் பார்மசிஸ்டுகள் நோயாளிக்குக் கற்பிக்கவேண்டும்" என்று மாநாட்டுக்கு மாநாடு பேசிப் பிரயோசனம் இல்லை.

இருந்தாலும், பதினைந்து வருஷ வாடிக்கையாளரை அப்படித் திருப்பி அனுப்பக்கூடாது. உங்கள் மாமியார் என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்று அந்தக் கடைக்குத்தான் தெரியும், கூரியர்காரருக்குத் தெரியாது. அந்த மாத்திரைகளும் இந்த ஊசியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்ப்பது அந்தக் கடைக்காரருடைய வேலைதான்.

சனிக்கிழமை மதியத்துக்குமேல் கடையில் கூட்டம் இருக்காது. மாமியாரையும் அழைத்துக்கொண்டு, அவர் எடுக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். நாட்டு மருந்து, கஷாயப் பொடி எதையும் விட்டுவிடவேண்டாம். முகவரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

மிட்ராண்ட் முரளி

சரி, கையைப் பற்றிச் சொன்னது நியாயம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பணத்தைப் பற்றி இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நிறைய பேருக்குத் தெரிவதில்லை. முடக்குவாதம் சட்டப்படி மெடிக்கல் எய்ட் கட்டாயம் ஏற்கவேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. என் முதுகெலும்பு வாதம் அதில் இல்லை, சோரியாசிஸும் இல்லை. அதனால் ஒரே வகை ஊசிக்கு அனுவின் மாமியாருக்கு ஒரு பாதை, எனக்கு வேறு பாதை. நான் எடுத்திருக்கும் திட்டத்தின் சிறப்புப் பலனிலிருந்துதான் எனக்குக் கிடைக்கிறது, அதற்காகவே விலை கூடிய திட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று: அந்தக் கட்டாயப் பட்டியலில் உள்ள நோய்க்கு, அவர்கள் குறித்த பார்மசியை விட்டு நாமாக வேறு கடையில் வாங்கினால்தான் வித்தியாசத்தை நம் தலையில் கட்டலாம். குறித்த இடத்தில் மருந்து இல்லை, நியாயமான நேரத்தில் தரமுடியவில்லை என்றால் அது நம் விருப்பம் ஆகாது, முழுத்தொகையும் அவர்கள்தான் கொடுக்கவேண்டும். மறுத்தால் மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சலிலேயே போதும்.

டோங்காட் தாத்தா

நான் இந்த நாட்டில் பிறந்தவன், தமிழ் கோவில் பள்ளிக்கூடத்தில் படித்தது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் எல்லாம் மெடிக்கல் எய்ட் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அது இல்லை. சுகர் நோய் நாற்பது வயதிலிருந்து, அரசாங்க மருத்துவமனைதான். இன்சுலினுக்குப் பேனா கொடுத்தார்கள், டிக் டிக் என்று எண்ணித் திருப்பிப் போட்டுக்கொள்வேன், கண் தெரியாவிட்டாலும் காது கேட்கும். 2024-இல் பேனா வருவது நின்றுவிட்டது, குப்பியும் சிரிஞ்சும்தான் என்றார்கள். சிரிஞ்சில் அந்தச் சின்னக் கோடு எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் இழுத்துக் கொடுப்பான். அவன் வேலைக்குப் போய்விட்டால்?

கிளினிக்கில் ஒரு சின்னப் பெண், ஜூலுப் பெண், பார்மசியில் இருக்கிறாள். அவள் என்னை உட்காரவைத்து, தண்ணீர் குப்பியை வைத்துத் திரும்பத் திரும்ப இழுக்கச் சொன்னாள். நான் தப்பாக இழுத்ததைப் பார்த்துவிட்டு, "தாத்தா நீ இழுக்காதே, உன் மகளைக் கூப்பிடு" என்று சொல்லி, மகளுக்குச் சொல்லிக்கொடுத்து, வாரத்துக்கு வேண்டிய கணக்கைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தாள். பெரிய பார்மசிக்காரன் யாரும் இதைச் செய்யவில்லை. விலை உயர்ந்த மருந்துக்குத்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று இல்லை.

நெடுந்தீவான்

ஐயா, உங்கள் தமிழில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளை செய்ததுதான் சரியான முறை. "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், நம்மாட்கள் இன்னும் கூடுதலாக ஆட்டுவார்கள். செய்துகாட்டச் சொன்னால்தான் தெரியும்.

குப்பிக்கு மாறிய எல்லோருக்கும் ஒரு வார்த்தை: இன்சுலினுக்கு இன்சுலின் சிரிஞ்ச் மட்டும். ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் என்று கணக்கிட்ட கோடுகள் அதில் இருக்கும். வீட்டில் கிடக்கிற சாதாரண சிரிஞ்சில் அளந்தால் விபரீதமாகிவிடும். கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் உருட்டவேண்டும், குலுக்கக்கூடாது.

அம்லாங்கா அனு

சனிக்கிழமை போய்வந்தோம். எழுதலாமா என்று யோசித்தேன், அத்தையே எழுது என்றார், மற்றவர்களுக்கு உதவும் என்று.

சார் கவுன்டரில் வைத்துப் பேசவில்லை, பின்னால் ஒரு சின்ன அறை. நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும், "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள், அம்மாவோடு நான் கதைக்கிறேன்" என்று என்னை அனுப்பிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் இருந்தபோது அவருக்குக் காசநோய் வந்திருக்கிறது. சில மாதம் மாத்திரை சாப்பிட்டு, இருமல் நின்றதும் விட்டிருக்கிறார்கள். பெண் பார்க்க வருவார்கள் என்று வீட்டில் மூடி மறைத்துவிட்டார்கள். மாமனாருக்கே தெரியாதாம். இங்கே மருத்துவர், "டிபி வந்ததுண்டா" என்று கேட்டபோது, நான்தான் மொழிபெயர்த்தேன், அவர் "இல்லை" என்றார். மருமகளிடம் எப்படிச் சொல்வார்?

இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் முதலிலேயே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது.

நெடுந்தீவான்

அம்மா சம்மதித்ததால் மருத்துவ விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

அடாலிமுமாப் போன்ற மருந்துகள் உடம்பில் டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்குகின்றன. மூட்டு வீக்கத்துக்குக் காரணம் அதுதான். ஆனால் நுரையீரலில் பழைய காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கும் சுவர் நிற்பதும் அதனால்தான். அதை அடக்கினால் மூட்டு சுகமாகும், சுவர் தளரும், பல ஆண்டு தூங்கிய கிருமி எழும்பலாம். இங்கே தென்னாப்பிரிக்காவில் காசநோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் ஊசி தொடங்குமுன் பரிசோதனை. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அந்த இரத்தப் பரிசோதனை சில வேளை பிழையாக "இல்லை" என்று காட்டும். அங்கேதான் பழைய கதை முக்கியம். எந்த இயந்திரமும் கும்பகோணத்துக் கதையைச் சொல்லாது.

அன்றே மருத்துவருக்கு போன் எடுத்துச் சொன்னேன். முடிவு அவருடையது.

பையில் இன்னொன்றும் கிடைத்தது. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை மட்டும் எடுக்கவேண்டிய மாத்திரை. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, உலகம் முழுக்க அப்படிச் செத்தவர்கள் உண்டு. அம்மா சரியாகத்தான் எடுக்கிறார், வெள்ளிக்கிழமை, அம்மனுக்கு விளக்கேற்றியதும். நல்ல அடையாளம். ஆனால் அதோடு கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் இதுவும் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை, ஒரே டப்பாவில் கலந்து வைத்திருந்தார். பிரித்து, தமிழில் "வெள்ளி மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். லேபிள் அச்சிடும் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது, மார்க்கர் பேனாவுக்குத் தெரியும்.

செவிலி_பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அனு, உங்கள் மேல் தப்பில்லை. குடும்பத்து ஆளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்று எங்களுக்குப் படிக்கும்போதே சொல்வார்கள். ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவில் மதித்துப் பேணவேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லியே இருக்கிறது. வார்டில் இராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பிரிவு வந்து மொழிபெயர்க்குமா?

அர்ச்சகர்_77

வணக்கம். டர்பன் பக்கம் ஒரு முருகன் கோவிலில் இருக்கிறேன். இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், ஒரு சந்தேகம். தைப்பூசக் காவடிக்கு விரதம் எடுத்திருக்கும் ஒரு பக்தர் இதே மாதிரி ஊசி போட்டுக்கொள்கிறார். வேண்டுதல் அலகுக் காவடி. நாக்கிலும் முதுகிலும் அலகு. மற்றதை முருகன் பார்த்துக்கொள்வான் என்கிறார். நான் என்ன சொல்லட்டும்? அவர் பக்தியைக் குறைத்துப் பேசமுடியாது.

நெடுந்தீவான்

சுவாமி, கேட்டது ரொம்ப நல்லது.

இந்த மருந்தில் இருப்பவருக்குத் தோலைத் துளைப்பது மற்றவர்களைவிட ஆபத்து. கிருமி உள்ளே போனால் உடம்பு தாமதமாகத்தான் சண்டை போடும், காய்ச்சல், சீழ் போன்ற அறிகுறிகூட மங்கலாகத் தெரியும். பல மைல் வெயிலில் நடந்து, வியர்வை, விபூதி, எலுமிச்சை, கூட்டம். நாக்கு வேறு கிருமி நிறைந்த இடம். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். அவராகவே ஊசியை நிறுத்திவிட்டு அலகு குத்துவதும் வேண்டாம், மருந்து உடம்பில் பல வாரம் தங்கும், நோயும் திரும்ப எழும்பும். மருத்துவரிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள். சிறுநீரக மாற்று செய்தவர்கள், புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்கள் எல்லோருக்கும் இதே பேச்சுத்தான்.

இங்கே புனித வெள்ளிக்குத் தீமிதியும் வருகிறது. நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுட்டது தெரியாது. அதையும் மனதில் வையுங்கள்.

டோங்காட் தாத்தா

சுவாமி, என் ஆயா காலத்திலேயே உடம்புக்கு முடியாதவர்கள் பால்குடம் எடுப்பார்கள், இல்லாவிட்டால் அலகில்லாத காவடி தோளில் வைத்துப் போவார்கள். முருகன் ஒன்றும் சொன்னதில்லை. பெரியவர் நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். டாக்டர் சொன்னால் கேட்கமாட்டார்.

அர்ச்சகர்_77

சரி ஐயா. அவரிடம் பேசுகிறேன். இந்த வருஷம் பால் காவடியாக மாற்றிக்கொள்ளலாம், சங்கல்பத்திலேயே சொல்லிவிடலாம். மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று மைக்கில் அறிவிப்பு வைக்கலாமா?

செவிலி_பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அறிவிப்பு வையுங்கள், ஆனால் "எங்களிடம் சொல்லுங்கள்" என்று வேண்டாம் சுவாமி. "உங்கள் பார்மசியில் அல்லது மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று மட்டும். யார் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பது அன்னதான வரிசையில் பேச்சாகிவிடும். சின்ன ஊர் நம்முடையது. பலர் பக்கத்துக் கடையில் மருந்து வாங்காமல் கூரியரை விரும்புவதற்கும் அதுதான் காரணம்.

மிட்ராண்ட் முரளி

அதைத்தான் சொல்ல நினைத்தேன். என் அலுவலகத்தில் யாருக்கும் என் நோய் தெரியாது, பெட்டி வந்தால் ஏதோ லேப்டாப் பாகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வேறொரு சந்தேகம் நெடுந்தீவான் அண்ணா. போட்டு முடித்த பேனாக்களை என்ன செய்வது? நான் குப்பையில்தான் போடுகிறேன்.

நெடுந்தீவான்

போடாதீர்கள். விடியற்காலையில் குப்பைப் பைகளைப் பிரித்துப் பிளாஸ்டிக் பொறுக்கிப் பிழைக்கிறவர்களை உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். ஊசி அவர்கள் கையில்தான் குத்தும். பார்மசியில் மஞ்சள் நிற ஊசி டப்பா விற்பார்கள், நிரம்பியதும் திருப்பி எடுக்கும் கடைகள் உண்டு. வாங்கும்போதே கேட்டு வையுங்கள். அது கிடைக்கும்வரை தடிப்பான பிளாஸ்டிக் போத்தல், திருகுமூடி, மேலே "ஊசி" என்று எழுதி.

அம்லாங்கா அனு

புது நிலவரம். மருத்துவர் அத்தையைத் திரும்ப வரச்சொன்னார். இந்த முறை தமிழ் தெரிந்த ஒரு நர்ஸைப் போனில் வைத்துக்கொண்டு அவரே கேட்டார். மறுபடி பரிசோதனை எல்லாம் எடுத்து, இப்போது நோய் இல்லை என்று உறுதிசெய்து, காசநோய்த் தடுப்பு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். கூடவே பி6 வைட்டமின். ஒரு மாதம் போனபிறகுதான் ஊசி. மெத்தோட்ரெக்ஸேட்டும் இந்த மாத்திரையும் இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால் அடிக்கடி இரத்தம் கொடுக்கவேண்டும் என்றார். நிலவேம்புக் கஷாயத்தை அத்தை இப்போதைக்கு மூட்டைகட்டி வைத்துவிட்டார், சார் சொன்னதால்.

நெடுந்தீவான் சார் கடையில் ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்று இருக்கிறது. அத்தை அதில் பழகிவிட்டார். மூடியைத் திருகிக் கழற்ற வராது என்று பார்த்துவிட்டு, ரப்பர் கையுறை போட்டுப் பிடிக்கச் சொன்னார், வந்துவிட்டது. நான் செய்கிறேன் என்றால் அத்தை விடுவதில்லை.

பக்கத்துக் கடையிலும் போய்ப் பேசினேன். கடை முதலாளியே வந்து, அன்று இருந்தவர் புதியவர், மருந்துப் பட்டியலை எங்கள் பதிவில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. ஜூன் மாதம் சென்னைக்குப் போகிறோம், அத்தையோடு. அப்போது ஊசி ஆரம்பித்திருக்கும். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

நெடுந்தீவான்

கைப்பையில் மட்டும். சரக்குப் பகுதியில் போடும் பெட்டியில் வைத்தால் உறைந்துபோகலாம், பெட்டியே தொலைந்தும் போகலாம். கூலர் பையில் ஐஸ் பேக், ஆனால் பேனா அதன்மேல் நேரடியாகப் படாமல் நடுவில் ஒரு துணி. பார்மசி லேபிளோடு அசல் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். மருத்துவரிடம் மருந்தின் பெயர், நோய், ஊசி கூடவே வரும் என்று ஒரு கடிதம் வாங்கி, ஸ்கிரிப்ட் நகலோடு வையுங்கள். விமானத்தில் பணிப்பெண்ணிடம் கொடுத்து பிரிட்ஜில் வைக்கச் சொல்லவேண்டாம், இறங்கும்போது மறந்துவிடுவீர்கள். பயண நாளுக்கும் ஊசி நாளுக்கும் இடைவெளி எப்படி வருகிறது என்று மே மாதமே ஒரு தடவை வந்து காட்டுங்கள். தேதியைப் பார்த்து எத்தனை பேனா எடுத்துப்போவது என்று முடிவெடுக்கலாம், கூரியருக்கும் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இந்தியாவில் யாராவது தடுப்பூசி போடச்சொன்னால் போடுமுன் எனக்கோ மருத்துவருக்கோ ஒரு மெசேஜ். உயிருள்ள கிருமி வகைத் தடுப்பூசி எதுவும் இந்த ஊசியோடு கூடாது.

அம்லாங்கா அனு

கடிதத்துக்கு இன்றே எழுதிக் கேட்டுவிட்டேன். அத்தை கேட்கிறார், சென்னையிலிருந்து உங்களுக்கு என்ன வாங்கிவரட்டும் என்று.

நெடுந்தீவான்

நல்லெண்ணெய். இங்கே கிடைக்கிறது வாயில் வைக்கமுடியவில்லை.